குழந்தை பிறக்கும்போது முதுகெலும்பில் பாதி வேலைதான் முடிந்திருக்கும்

கேட்ட கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மனைவிக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தாயிற்று. அறிக்கையில் 'முதுகெலும்பு இயல்பாக உள்ளது' என்று இருக்கிறது. அப்படியானால் முதுகெலும்பு உருவாகி முடிந்துவிட்டதா? முடிந்துவிட்டது என்றால், 'பிள்ளையைச் சீக்கிரம் உட்கார வைக்காதே, முதுகு வளைஞ்சிடும்' என்று வீட்டில் அம்மா ஏன் இப்போதே எச்சரிக்கிறார்?

முடியவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் செய்பவர் பார்ப்பது அடிப்படை அமைப்பை: எலும்புகள் வரிசையாக நிற்கின்றனவா, எங்காவது பிளவு தெரிகிறதா, முதுகைத் தோல் முழுதாக மூடியிருக்கிறதா என்பதை. எலும்பு வேலை அதற்குப் பிறகும் 25 வயது வரை நடக்கும். அம்மா சொல்வதில் கொஞ்சம் உண்மையும் கொஞ்சம் வீண்பயமும் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் ஆரம்பத்திலிருந்துதான் வர வேண்டும்.

நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் நடத்துகிறவன். எங்கள் எலும்புப் பெட்டியில் ஒரு சிறிய உறை உண்டு. பிறந்த குழந்தையின் முள்ளெலும்புகள் சில அதில் இருக்கின்றன. வருடா வருடம் யாராவது ஒரு மாணவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இது உடைஞ்சு போயிருக்கு" என்று தூக்கிக்கொண்டு வருவார். உடையவில்லை. பிறந்த குழந்தையின் ஒரு முள்ளெலும்பு என்பதே மூன்று துண்டுதான். முன்னால் புளியங்கொட்டை போல ஒன்று, பின்னால் இடமும் வலமுமாக இரண்டு வளைந்த துண்டுகள். மூன்றையும் இணைத்துக்கொண்டிருந்தது குருத்தெலும்பு. பதப்படுத்தும்போது அது போய்விட்டதால் துண்டுகள் தனியாகிவிட்டன. உங்கள் குழந்தையும் அப்படித்தான் பிறக்கப்போகிறது.

சரி, ஆரம்பத்துக்குப் போவோம். கீழே நான் சொல்லும் நாள் கணக்கு கரு உண்டான நாளிலிருந்து. மருத்துவமனையில் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவார்கள், அதில் இரண்டு வாரம் கூடுதலாக வரும்.

மூன்றாவது வாரத்தில் கரு ஒரு தட்டையான தகடு. அதன் நடுக்கோட்டில் செல்களாலான மெல்லிய தண்டு ஒன்று உருவாகிறது. அதன் பெயர் முதுகுநாண். எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, ஆனால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் மேஸ்திரி. அதிலிருந்து கசியும் வேதிச் சமிக்ஞைகளை வைத்துத்தான் சுற்றியுள்ள செல்கள் தாங்கள் என்னவாக வேண்டும் என்று முடிவெடுக்கின்றன. அதற்கு மேலே இருக்கும் படலம் மடிந்து சுருண்டு நரம்புக்குழலாகிறது; மூளையும் தண்டுவடமும் அதிலிருந்து வருபவை. அதன் இருபுறமும் இருக்கும் திசு துண்டு துண்டாகப் பிரிந்து ஜோடி ஜோடியாக நிற்கிறது. இந்தத் துண்டுகளுக்கு உடற்கண்டம் என்று பெயர். முதல் ஜோடி ஏறக்குறைய 20-ஆம் நாள் தெரியும். ஐந்தாம் வாரம் முடிவதற்குள் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை 42 முதல் 44 ஜோடிகள் வந்துவிடும். வால் என்று சும்மா சொல்லவில்லை. அந்த வாரத்தில் கருவுக்கு உண்மையிலேயே வால் இருக்கும். எட்டாம் வாரத்துக்குள் அது சுருங்கி மறையும். கடைசி சில ஜோடிகளும் அதோடு போய்விடும். மிஞ்சுவதுதான் நம் வாலெலும்பு.

ஒரே அளவில், ஒன்றன்பின் ஒன்றாக, இவ்வளவு ஒழுங்காக எப்படித் துண்டாகிறது? எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று போகிறேன். 1976-ல் ஜோனதன் குக், கிறிஸ்டோஃபர் ஸீமன் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள். செல்களுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. இன்னொரு பக்கம், தலையிலிருந்து வால் நோக்கி ஓர் அலை நகர்கிறது. கடிகாரம் ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் அலை எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அதுதான் ஒரு துண்டின் நீளம். அன்று அது வெறும் கணக்கு. ஸீமன் கணிதக்காரர்தான். 1997-ல் பிரான்ஸில் ஒலிவியே பூர்க்கியேயின் குழு, கோழிக் கருவில் ஒரு ஜீன் 90 நிமிடத்துக்கு ஒருமுறை விளக்கு போல எரிந்து அணைவதைக் காட்டியது. கோழியில் ஒரு ஜோடி உருவாக ஆகும் நேரமும் அதே 90 நிமிடம். கடிகாரம் இருப்பது நிஜம்தான். எலியில் அது சுமார் 2 மணி நேரம், வரிக்குதிரை மீனில் அரை மணி. மனிதக் கருவில் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் 2020-ல் எந்த வகைத் திசுவாகவும் மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்களை வளர்த்துப் பார்த்து, ஏறக்குறைய 5 மணி நேரம் என்று கணக்கிட்டார்கள். பாம்புக்கு முந்நூறுக்கு மேல் முள்ளெலும்பு எப்படி வந்தது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உடல் வளரும் வேகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடிகாரம் மிக வேகமாக அடிக்கிறது. அதனால் துண்டுகள் சின்னதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் விழுகின்றன.

இந்த உடற்கண்டம் ஒவ்வொன்றும் அப்படியே ஒரு முள்ளெலும்பாக மாறுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி மாறினால் நம்மால் குனியவே முடியாது. ஏனென்றால் தசையும் அதே கண்டத்திலிருந்துதான் வருகிறது. ஓர் எலும்புக்கு நேராக ஒரு தசை என்று அமைந்தால், அந்தத் தசை சுருங்கி எதை அசைக்கும்? அதனால் கரு ஒரு சாமர்த்தியம் செய்கிறது. எலும்பாகப் போகும் பகுதி மட்டும் குறுக்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு கண்டத்தின் கீழ்ப்பாதி அடுத்த கண்டத்தின் மேல்பாதியோடு சேர்ந்துகொள்கிறது. செங்கல் சுவரில் கீழ்வரிசையின் இணைப்புக்கு மேலே மேல்வரிசைச் செங்கல் உட்காருமே, அப்படி அரைச் செங்கல் தள்ளி உட்கார்ந்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு தசையும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பாலமாக நிற்கும். நரம்பும் எலும்பின் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் இரண்டு எலும்புகளுக்கு இடையே வெளியே வந்துவிடும். ராபர்ட் ரேமாக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855-லேயே இதைச் சொல்லிவிட்டார். கழுத்தில் எலும்பு 7, நரம்பு மட்டும் 8 ஜோடி ஏன் என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். காரணம் இந்தத் தள்ளிச் சேர்தல்தான். முதல் கழுத்துக் கண்டத்தின் மேல்பாதி மண்டையோட்டின் அடிப்பகுதியோடு போய்விடுவதால் கணக்கில் ஒன்று நகர்ந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில் ஏற்படும் பிசகுகள் பிறவியிலேயே தெரியும் சில கோளாறுகளாக வருகின்றன. ஒரு பக்கப் பாதி உருவாகாமல் போனால் அந்த எலும்பு ஆப்பு வடிவில் நின்று முதுகைச் சாய்க்கும்; பிரிய வேண்டிய இரண்டு பிரியாமல் போனால் கட்டியாக ஒட்டி நிற்கும். அப்படி ஒரு குழந்தை வந்தால் மருத்துவர் சிறுநீரகத்தையும் இதயத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்வார். முதுகுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெற்றோர் குழம்புவார்கள். அதே வாரங்களில், பக்கத்துப் பக்கத்துத் திசுக்களிலிருந்து உருவாகிறவை அவை. ஒன்றில் தடுமாற்றம் என்றால் மற்றதையும் பார்த்துவிடுவது நல்லது.

எந்தத் துண்டு கழுத்தெலும்பாகும், எது விலா முளைக்கும் மார்புப் பகுதியாகும் என்பதை ஹாக்ஸ் ஜீன்கள் தீர்மானிக்கின்றன. பாலூட்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் கழுத்தில் 7 எலும்புதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, சுண்டெலிக்கும் 7. தேவாங்கு போல மெதுவாக நகரும் அமெரிக்க ஸ்லாத்தும் கடல்பசு இனத்து மானட்டியும் மட்டும் விதிவிலக்கு.

இப்போது உங்கள் வீட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம். நரம்புக்குழல் சுருண்டு மூடிக்கொள்கிறது என்றேன் அல்லவா, தலைப்பக்கம் சுமார் 25-ஆம் நாளிலும், கீழ்ப்பக்கம் 28-ஆம் நாள் வாக்கிலும் அது மூடி முடிக்க வேண்டும். கீழ்ப்பக்கம் மூடாமல் நின்றுவிட்டால் அதைச் சுற்றி வர வேண்டிய எலும்பு வளையமும் பின்னால் சேராது. ஸ்பைனா பைஃபிடா என்று சொல்வது இதைத்தான். பிளவின் ஊடாகத் தண்டுவடமே பிதுங்கி நிற்கும் வகையில் கால் அசைவு, சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் பாதிக்கப்படும். இதில் முக்கியம் தேதிதான். 28-ஆம் நாள் என்றால், நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். அட்டையில் இரண்டு கோடு பார்த்து, வீட்டில் சொல்லி, நல்ல நாள் பார்த்து மருத்துவமனைக்குப் போய், ஃபோலிக் அமில மாத்திரை கையில் வருவதற்குள் குழல் மூடிவிட்டிருக்கும், அல்லது மூடாமல் விட்டிருக்கும். அதனால்தான் குழந்தைக்கு முயற்சி செய்யத் தொடங்கும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முந்தைய குழந்தைக்கு இந்தப் பிரச்சினை இருந்திருந்தால் அதைப்போல் பத்து மடங்கு, 4 மில்லிகிராம், மருத்துவர் எழுதிக் கொடுத்து.

இது நம்பிக்கையில் சொல்வதல்ல. முன்பு இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மார்களை வைத்து பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 7 நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. 1991-ல் முடிவு வந்தது: ஃபோலிக் அமிலம் எடுத்தவர்களிடம் மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. அந்தச் சத்து இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடிக்கப்பட்டது நம் பம்பாயில்தான் என்பது பலருக்குத் தெரியாது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928 முதல் அங்கே கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார்; மில் தொழிலாளர்களாக இருந்த ஏழைப் பெண்கள் அதில் நிறையப் பேர். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931-ல் அதை எழுதினார். அதற்குள் இருந்த சத்து 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலைக்கான லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபோலிக் என்ற பெயரே வந்தது. அதற்காகக் கீரை சாப்பிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கீரையில் உள்ளது வேகும்போதே கணிசமாகப் போய்விடும். மாத்திரைக்கு அது மாற்றில்லை. உங்கள் மனைவி இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். அடுத்த குழந்தைக்கோ தம்பி தங்கைக்கோ சொல்லிவையுங்கள்.

ஆறாம் வாரத்தில் இந்தத் திசுக்கள் குருத்தெலும்பாகின்றன. எட்டு, ஒன்பதாம் வாரம் வாக்கில்தான் நிஜ எலும்பு புள்ளி புள்ளியாக விழ ஆரம்பிக்கும். ஒரு முள்ளெலும்புக்கு மூன்று புள்ளி. உறைக்குள் மாணவர்கள் பார்க்கும் மூன்று துண்டுகள் இவைதான். ஐந்தாம் மாத ஸ்கேனில் மூன்று வெள்ளைப் புள்ளிகளாக உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். நடுவில் இருந்த அந்தப் பழைய முதுகுநாண் என்ன ஆயிற்று? எலும்பு வந்த இடத்தில் அது நசுங்கி மறைகிறது. இரண்டு எலும்புகளுக்கு இடையில் மட்டும் வீங்கி, டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழாக நிற்கிறது. அந்தச் செல்களும் பத்து வயது வாக்கில் பெரும்பாலும் போய், வேறு செல்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கு 'டிஸ்க் பிதுங்கிவிட்டது' என்று சொல்லும்போது பிதுங்குவது, ஒரு காலத்தில் மேஸ்திரி நின்ற இடம்.

கருவில் இன்னொரு ஓட்டப்பந்தயமும் நடக்கிறது. மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் எலும்புக் குழாயின் முழு நீளத்துக்கும் இருக்கும். அதற்குப் பிறகு எலும்பு வேகமாக நீளும், தண்டுவடம் அவ்வளவு நீளாது. மேலே மூளையோடு கட்டிவைத்திருப்பதால் அதன் கீழ்முனை மேலே ஏறுவதுபோல ஆகிவிடும். பிறக்கும்போது அது இடுப்பின் மூன்றாவது எலும்பருகே முடியும். வளர்ந்த பிறகு முதல், இரண்டாம் எலும்புக்கு நடுவே. அதற்குக் கீழே குழாய்க்குள் நரம்புகள் மட்டும் குதிரை வால் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடுவது இந்த வால் பகுதியில், பெரும்பாலும் மூன்றாம், நான்காம் எலும்புகளுக்கு நடுவே. 'தண்டுவடத்திலேயே குத்திடுவாங்க' என்று உறவினர் யாராவது பயமுறுத்தினால், ஊசி போடும் உயரத்தில் தண்டுவடமே இல்லை என்று சொல்லுங்கள். பச்சைக் குழந்தைக்குப் பரிசோதனைக்காக முதுகில் ஊசி போட வேண்டியிருந்தால் இன்னும் கீழே இறங்கிப் போடுவதற்கும் இந்தப் பந்தயம்தான் காரணம்.

பிறந்த பிறகு வருவது வளைவுகளின் கதை. பக்கவாட்டில் பார்த்தால் பெரியவர்களின் முதுகு கழுத்தில் முன்வளைவு, மார்பில் பின்வளைவு, இடுப்பில் மறுபடி முன்வளைவு. வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் குழந்தையின் முதுகோ ஏறக்குறைய ஒரே பிறை. மார்பு வளைவு கருவிலிருந்தே வருவது. கழுத்து வளைவு, குழந்தை தலை தூக்கும்போது வரும் என்று பல பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 1977-ல் வந்த ஓர் எக்ஸ்ரே ஆய்வில், கருவிலேயே பெரும்பாலானவற்றுக்குக் கழுத்து வளைவு தொடங்கிவிடுவது தெரிந்தது. உள்ளேயே தலையை அசைத்துப் பழகுகிறது போலும். ஆக, தலை நின்றதும் அது புதிதாகப் பிறப்பதில்லை, உறுதிப்படுகிறது என்று சொல்வதுதான் சரி. இடுப்பு வளைவு மட்டும் உண்மையிலேயே நிற்பதாலும் நடப்பதாலும் வருவது.

இந்த வரிசையை நம் பழைய புலவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரைப் பருவம்: குழந்தை கைகளை ஊன்றி, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டி, தலையை உயர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, உட்கார்ந்து கை கொட்டுவது. பதின்மூன்றாம் மாதம் வருகை, தளர்நடை. முதலில் கழுத்து, பிறகு நடு உடம்பு, கடைசியில் இடுப்பும் காலும். முதுகைப் பிடிக்கும் தசைகள் பலப்படுவது மேலிருந்து கீழாகத்தான் என்று குழந்தை மருத்துவர் சொல்வதும் இதே வரிசையில்தான்.

நடையால்தான் இடுப்பு வளைவு வருகிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சாட்சி ஜப்பானில் கிடைத்தது. அங்கே குரங்காட்டும் பழைய கலை ஒன்று உண்டு. குட்டியிலிருந்தே இரண்டு காலில் நிற்கவும் நடக்கவும் குரங்கைப் பழக்குவார்கள். அப்படிப் பழகிய குரங்குகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மற்ற குரங்குகளுக்கு இல்லாத இடுப்பு வளைவு அவற்றுக்கு வந்திருந்தது. பரம்பரையில் இல்லாதது பழக்கத்தால் வந்தது.

அம்மாவின் எச்சரிக்கைக்கு இப்போது வரலாம். ஆரோக்கியமான குழந்தையை ஐந்து மாதத்தில் மடியில் சாய்த்துச் சற்று நேரம் உட்கார வைத்தால் முதுகு நிரந்தரமாக வளைந்துவிடாது. சரிந்து பிறைபோல உட்காருவது அதன் பழைய வடிவம். பலம் வந்ததும் தானே நிமிரும். ஆறு முதல் எட்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரும். ஆனால் தலை நிற்காத குழந்தையை நாற்காலியிலோ கார் சீட்டிலோ சரிந்தபடி நெடுநேரம் விடக் கூடாது. அங்கே பயம் முதுகுக்கு அல்ல, மூச்சுக்கு. தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுக்குழாய் மடங்கும். அம்மாவின் வார்த்தை அட்சரம் பிசகாமல் பொருந்தும் ஒரு கூட்டமும் உண்டு. அகான்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு முதுகின் நடுக்கீழ்ப்பகுதியில் கூன் இருக்கும். உடம்பு பலப்படுவதற்கு முன்பே பிடிமானமின்றி உட்கார வைத்தால் அது கூடிப்போய் நிலைத்துவிடக்கூடும். அவர்களைச் சீக்கிரம் உட்கார வைக்க வேண்டாம் என்று மருத்துவர்களே சொல்வார்கள்.

வாக்கர் வண்டி வாங்காதீர்கள். அதில் குழந்தை நடப்பதில்லை, தொங்கிக்கொண்டு உந்துகிறது. படிக்கட்டில் உருண்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் கனடா 2004-லேயே விற்பனையைத் தடை செய்தது. தரையில் பாயை விரித்துக் குப்புறப் போட்டு, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். அதுவும் முழித்திருக்கும்போது மட்டும். தூங்கும்போது மல்லாந்துதான் படுக்க வேண்டும்.

அப்புறம் 'உரம் எடுப்பது'. குழந்தை விடாமல் அழுதால், கழுத்தைத் திருப்பாவிட்டால், உரம் விழுந்துவிட்டது என்று புடவையில் போட்டு உருட்டுவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. இதில் நான் கறாராகவே இருப்பேன்: செய்யாதீர்கள். கழுத்தின் முதல் எலும்பில் வளையத்தின் முன்பக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறக்கும்போது எலும்பாகவே இருக்காது, ஒரு வயது வாக்கில்தான் வரும். இரண்டாம் எலும்பின் முளை முழுதாக ஒட்டப் பன்னிரண்டு வயது ஆகிறது. தசைநார்கள் தளர்ந்தவை, மேலே உட்கார்ந்திருக்கும் தலையோ உடல் நீளத்தில் கால் பங்கு. அந்தக் கழுத்தைத்தான் உலுக்குகிறோம். குழந்தை எப்போதும் ஒரே பக்கம் தலை சாய்த்திருந்தால் கழுத்துத் தசை ஒன்று இறுகியிருக்கலாம். அதற்கு நிதானமான நீட்டல் பயிற்சி இருக்கிறது. ஆரம்பத்திலேயே காட்டினால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகும்.

மூன்று துண்டுகள் ஒன்றாவது எப்போது? பின்னால் உள்ள இரண்டும் முதலில் ஒட்டும். இடுப்பில் ஒரு வயதில் தொடங்கி, கழுத்துவரை ஏற மூன்று வயதாகும். பிறகு அவை முன்துண்டோடு ஒட்டுவது மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள், இந்தமுறை கழுத்திலிருந்து கீழ்நோக்கி. ஐந்து வயதில் தண்டுவடம் போகும் துவாரம் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும். உயரக் கணக்கும் சமமாக ஓடுவதில்லை. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை உள்ள பகுதி பிறக்கும்போது சுமார் 20 செ.மீ.; முதல் ஐந்து வருடத்தில் 10 செ.மீ. கூடும், அடுத்த ஐந்து வருடத்தில் 5 மட்டும், பருவ வயதில் மறுபடி 10. பத்து வயதுவரை அமைதியாக இருந்த முதுகு சட்டென்று கிளம்பும் அந்தக் காலத்தில்தான் பக்கவாட்டு வளைவான ஸ்கோலியோசிஸ் வெளியே தெரியும். வளர் இளம் பருவத்தினரில் 2, 3 சதவீதம் பேருக்கு லேசாகவாவது இது இருக்கும். வளைவு பெரிதாவது பெண் பிள்ளைகளிடம் அதிகம். கையைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தெரிந்தால் காட்டுங்கள். வளர்ச்சி மிச்சமிருக்கும்போது போடும் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கவசம், வேலை செய்கிறது என்பது 2013-ல் வந்த அமெரிக்க, கனடிய ஆய்வில் உறுதியானது: பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை, போடாதவர்களில் 48. புத்தகப் பை தூக்கி முதுகு கோணுவதாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை. வலி வரும், அது வேறு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்க வேண்டாம் என்று 2020-ன் மத்திய அரசுக் கொள்கை சொல்வது வலிக்காகவே நியாயம்.

நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. இடுப்பின் ஐந்தாம் எலும்பில் பின்வளையத்தில் விழும் ஒரு மெல்லிய விரிசல், வளர்ந்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்கு இருக்கிறது; பலருக்கு அது இருப்பதே தெரியாது. பிறந்த குழந்தையிடம் அது காணப்படுவதில்லை. நடக்க ஆரம்பித்த பிறகே தோன்றுகிறது. பதின்வயதில் வேகப்பந்து வீசும் பையன்களுக்கு அதே இடத்தில் எலும்பு களைத்து முறிவது சகஜம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுக்கு இத்தனை ஓவர்தான் என்று வரம்பு வைத்திருப்பது அதனால்தான். பருவ வயதில் ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் இன்னும் ஐந்து புதிய எலும்புப் புள்ளிகள் வரும்: பின்முள்ளின் நுனி, பக்கத்து இரண்டு நுனிகள், முன்துண்டின் மேல்விளிம்பு, கீழ்விளிம்பு. இவை முழுதாக ஒட்ட 25 வயதாகிவிடும். இடுப்பின் அடியில் உள்ள ஐந்து எலும்புகள் ஒரே திருவெலும்பாகச் சேர்ந்து முடிவதும் அந்த வயதை ஒட்டித்தான். அடையாளம் தெரியாத எலும்புக்கூட்டின் வயதைத் தடயவியல் மருத்துவர் கணிக்கும்போது இந்த விளிம்புகளைத்தான் தடவிப் பார்ப்பார். சிறுவயதில் 33 என்று எண்ணும் எலும்புகள், திருவெலும்பும் வாலெலும்பும் ஒட்டிய பிறகு 26.

குழந்தை பிறந்ததும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. முதல் குளியலின்போது முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். பிட்டப் பிளவுக்குள் சின்னக் குழி ஒன்று, அடி தெரிகிற மாதிரி இருந்தால் கவலையில்லை. நிறையக் குழந்தைகளுக்கு இருக்கும். குழி ஆழமாகவோ, ஆசனவாயிலிருந்து இரண்டரை செ.மீ.க்கு மேல் தள்ளியோ இருந்தால், அந்த இடத்தில் முடிக்கற்றையோ சிவப்புத் தழும்போ கொழுப்புக் கட்டியோ தெரிந்தால், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சாதாரண ஸ்கேனிலேயே உள்ளே தண்டுவடம் எங்கே முடிகிறது, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால்தான் ஒலியலை உள்ளே போகிறது. மூன்று, நான்கு மாதம் ஆகி எலும்பு இறுகிவிட்டால் அந்த வழி அடைபடும். பிறகு மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுக்க வேண்டியிருக்கும்.